டெரன்ஸுக்கு நரை விழுந்தது

“இந்தத் தடவையும் பாதியில தொங்கிட்டுக்கா” என்றாள் நவமணி.

ஜெனிட்டா நாற்காலியிலிருந்து எழுந்தாள். கடை வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இதே பிழைப்புதான். அடுத்த வாரம் மகள் ஷெரினுக்குக் கல்யாணம். பூக்காரன், பிரியாணிக்காரன், பாட்டுக் கோஷ்டி என்று தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இவளோ தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடையில், ஒரு பழைய பென்டிரைவை வைத்துக்கொண்டு அரை நாளைத் தொலைத்துவிட்டாள்.

பென்டிரைவில் இருந்தது ஒரு போட்டோ ஸ்லைடு ஷோ. ஷெரினைப் பெற்ற அப்பா டெரன்ஸ் தன் கையால் செய்தது. கப்பலில் இன்ஜின் வேலை அவருக்கு. லீவில் வந்திருந்தபோது, பிள்ளையின் ஞானஸ்நானப் படங்களையும் முதல் பிறந்தநாள் படங்களையும் ‘நினைவுச்சரம்’ என்ற மென்பொருளில் போட்டுக் கோத்திருந்தார். ஒரு படம் இதயமாகச் சுருங்கி மறையும். அடுத்தது புத்தகத் தாள்போலப் புரண்டு வரும். பின்னணியில் கீபோர்டு இசை. அன்றைக்கு அதுதான் பெரிய நாகரிகம். அதற்கடுத்த பயணத்தில் கப்பல் புயலில் முங்கியது. டெரன்ஸின் உடம்பு கிடைக்கவில்லை. ஷெரினுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

“ரிசப்ஷன்ல டெரன்ஸ் அப்பா செஞ்சதை ஓட்டணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்று பிள்ளை கேட்டுவிட்டது. நகை நட்டு கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இதற்கு என்னத்தைச் சொல்ல?

நினைவுச்சரத்தை எழுதிய கம்பெனி எந்தக் காலத்திலோ கடையைச் சாத்திவிட்டது. இப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும், போனிலும், சுவர்த் திரையிலும் இருப்பது ‘கண்ணாடி’ என்ற இயங்குதளம். கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. உயிரோடு இருக்கிற யாருடைய படத்தையும் அது எடுத்தபடி காட்டாது. இன்றைக்கு ஆள் எப்படி இருக்கிறாரோ அப்படித்தான் காட்டும். பழைய படத்தைக் காட்டிப் பெண் கட்டியவன், இளமை முகத்தைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவன், அடுத்தவன் முகத்தைக் காட்டிக் கடன் வாங்கியவன் என்று உலகமெங்கும் தில்லுமுல்லு பெருத்துப்போனதால் வந்த சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மணமேடையில் தலை நரைத்த பொம்பளை ஒருத்தி நாணிக்கொண்டு நிற்கிறாள். தொட்டில் படத்தைத் திறந்தால் மீசை வைத்த தடிமாடு ஒன்று காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. முதல் மாதம் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் ஆல்பத்தைத் திறப்பதையே விட்டுவிட்டது.

செத்தவர்களைக் கண்ணாடி தொடாது. அவர்கள் எடுத்தபடியே இருப்பார்கள். அதனால்தான் ஜெனிட்டாவின் வீட்டுச் சுவரில் டெரன்ஸ் இன்னும் கறுகறுவென்ற தலைமுடியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரை ‘மறைந்தவர்’ என்று குறித்துவிட்டால், அந்த ஆல்பத்துக்குள் மட்டும் அவருடைய பழைய முகம் திரும்பிவிடும். வெளியே ஒன்றும் மாறாது. மற்ற நாடுகளில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்களாம். தூத்துக்குடியில் எவள் செய்வாள்? தொட்டில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பெற்ற பிள்ளையைச் செத்ததாகத் தன் விரலால் தொட்டுச் சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்? விரல் விளங்காமல் போய்விடாதா?

அந்தப் பயத்தில்தான் நவமணியின் கடை ஓடியது. கண்ணாடி பிறப்பதற்கு முந்தைய மென்பொருள்கள் படத்தைத் தங்கள் போக்கில் நேரே திரையில் வரைந்துவிடும். கண்ணாடியால் அவற்றைப் பிடிக்க முடியாது. புது மெஷினுக்குள்ளே பழைய மெஷினைப்போல ஒரு கூண்டு கட்டி, அதற்குள் அவற்றை ஓட்டிக் காட்டுவாள் நவமணி. சட்டம் இதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தது.

“கூண்டுல கோளாறு இல்லக்கா” என்றாள் அவள், நகத்தைக் கடித்துக்கொண்டே. “அத்தான் இதைத் தன் கணக்கைப் போட்டுப் பூட்டி வச்சிருக்காவ. அதான் பாதியில நிக்கி.”

“திறக்க என்ன கேக்குது?”

“‘இது டெரன்ஸ் மஸ்கரேனின் ஆல்பம். அவர் கணக்கோடு இணைக்கவா’ன்னு கேக்குது. நான் வேண்டாம்னு குடுத்துப் பாத்தேன். மாட்டேங்கு.”

“செத்த மனுசனுக்குக் கணக்கு என்னட்டி கணக்கு? இணைன்னு குடு. எனக்குப் பூக்காரனப் பாக்கப் போணும்.”

நவமணி குடுத்தாள்.

திரை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கீபோர்டு இசை கிளம்பியது. நீலப் பின்னணியில் ஒரு தொட்டில் புரண்டு வந்தது. தொட்டிலில் ஷெரின். பொக்கை வாயோடு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு, நிஜமான கைக்குழந்தை.

“மாதாவே!” ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாத்தியளா! பாத்தியளா!” நவமணி கைதட்டினாள். “மூணு மணி நேரம் உசிர வாங்கிட்டுல்லா!”

அடுத்த படத்தில் ஜெனிட்டா. பந்தலில், ரோஸ் நிறப் பட்டில், ஒல்லியாக, ஈர்க்குச்சிக்குப் புடவை சுற்றின மாதிரி. தன்னை இப்படிப் பார்த்து எத்தனை காலம்! “நானா இது? இடுப்பு எங்கட்டி போச்சு?” என்று அவளே தன்னைக் கேலி செய்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. படம் இதயமாகச் சுருங்கியது. அடுத்தது புரண்டு வந்தது.

கோயில் வாசலில், அதே ஒல்லி ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில், பிள்ளையைக் கையில் ஏந்தி ஓர் ஆள் நின்றார். முன்தலை வழுக்கை, மிச்சம் நரை. தடித்த கழுத்து. இடது காதடியிலிருந்து தாடைவரை ஒரு தழும்பு.

“இது யாரு? டெரன்ஸோட அப்பாவா?” என்று கேட்டாள் ஜெனிட்டா. கேட்கும்போதே மாமனார் தன் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டம்போட்ட சட்டை அவள் எடுத்துக் கொடுத்தது.

நவமணி இசையை நிறுத்தினாள்.

“என்னட்டி? சொல்லு.”

“அக்கா, கொஞ்சம் தண்ணி குடிங்க.”

“தண்ணி கெடக்கட்டும். இது யாரு?”

“அத்தான்தான். இன்னைக்கு இருக்கபடி.”

“செத்தவனுக்கு ஏதுட்டி இன்னைக்கு?”

நவமணி தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். “நம்ம வீட்டுப் படத்துல அவிய செத்தவிய. ஏன்னா இங்க உள்ள பதிவுல அப்படி இருக்கு. இதே ஆல்பத்த அவிய கணக்குலயும் வச்சிருக்காவ, இணைச்சதும் கண்ணாடி உள்ள வந்துட்டு. அந்தக் கணக்கு வேற ஏதோ நாட்டுப் பதிவுல இருக்கு. அங்க அவிய உசிரோட இருக்காவ. அதான் கண்ணாடி இன்னைய முகத்தப் போடுது.”

“இருக்காது. வயசைக் கூட்டிக் கெழவனா வரைஞ்சிருக்கும். மெஷினுக்கு என்ன தெரியும்?”

“வரைஞ்சதுன்னா தழும்பு எங்கேர்ந்துக்கா வரும்? இது கேமரா பாத்த முகம். எங்கயோ ஒரு கதவுல, ஒரு கடையில தெனமும் காட்டுத முகம்.”

ஜெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்பை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தால் அது டெரன்ஸ்தான். சந்தேகமே இல்லை. அந்தக் கண்ணுக்காக எத்தனை வருடம் துறைமுக ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பாள்! பாவி, பாவி.

“அப்ப நான் மட்டும் எப்படிச் சின்னப் பிள்ளையா இருக்கேன்? ஷெரின் எப்படிக் கைக்குழந்தையா இருக்கா?” என்று கேட்டவள், நவமணி வாயைத் திறப்பதற்குள் தானே பதிலைக் கண்டுகொண்டாள். “எங்க ரெண்டு பேரையும் செத்துட்டோம்னு எழுதிட்டானா?”

“அந்த ஆல்பத்துக்குள்ள மட்டுந்தான்க்கா.”

“எந்த ஆல்பமா இருந்தா என்ன? கையால தொட்டு எழுதியிருக்கான்லா!”

“நீங்க அப்படி மட்டும் நெனைக்காதீய. உங்களையும் பிள்ளையையும் விட்டுட்டுப் போனபடிக்குப் பாக்கணும்னா அவியளுக்கு வேற வழி இல்ல. பாக்க ஆசப்பட்டுத்தான் எழுதியிருப்பாவ.”

“விட்டுட்டுப் போனவனுக்குப் பாக்க ஆச என்னட்டி வேண்டிக் கெடக்கு?” கடைக்கு வெளியே போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள் ஜெனிட்டா.

திரையின் அடியில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது. ‘இந்தப் படத்தில் மறைந்தவராகக் குறிக்கப்பட்டவர் நீங்களா? உயிரோடு இருப்பதை முகம் காட்டி உறுதி செய்யலாம்.’

“அதத் தொட்டுராதீய” என்றாள் நவமணி அவசரமாக. “தொட்டா அவிய வீட்டுச் சுவத்துல உங்க முகம் இன்னைய முகமா மாறிரும். நீங்க இத பாத்துட்டியன்னு அவியளுக்குத் தெரிஞ்சிரும்.”

“நான் அவனச் செத்தவன்னு போட முடியாதா?”

“உங்க ஆல்பத்துல போடலாம். அதுல ஏற்கெனவே அப்படித்தானே இருக்கு. அவிய பதிவுல போடணும்னா அவியளேதான் தன் முகத்த மூடணும். உசிரோட மூடுனா உலகம் பூரா செத்த கணக்கு. பொறவு சம்பளம் ஏறாது, கதவு தெறக்காது, ஆஸ்பத்திரில சேக்க மாட்டான். பொழைக்க நெனைக்கவன் எவன் அதச் செய்வான்?”

ஜெனிட்டா பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். பூக்காரனைப் பார்க்கப் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போய், சுவரில் சிரித்துக்கொண்டிருந்த டெரன்ஸைச் சுவிட்சைத் தட்டித் திரையோடு அணைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஷெரினின் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கடைசித் தடவையாக வாசித்தார்கள். ஜெனிட்டா வலப்பக்கம் மகளும் இடப்பக்கம் லூர்துவுமாக உட்கார்ந்திருந்தாள். லூர்து அவளுடைய கணவர். உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். ஷெரின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஜெனிட்டாவைக் கட்டினார். அன்றிலிருந்து பிள்ளைக்கு அப்பா அவர்தான். அவள் காய்ச்சலுக்கு இரவெல்லாம் முழித்தவர், அவளுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டுத் தன் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர். வார நாளில்கூடப் பூசையைத் தவறவிடாத மனுசர்.

“மறைந்த டெரன்ஸ் மஸ்கரேனுக்கும் ஜெனிட்டாவுக்கும் பிறந்த மகள்...” என்று சாமியார் வாசித்தார். “இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.”

ஷெரினின் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. அது ஜெனிட்டாவுக்குத் தெரியும். ஆனால் இதே கோயிலில் இதே மாதிரி அவளுக்கும் லூர்துவுக்கும் ஓலை வாசித்தார்களே, அன்றைக்கும் இதே கேள்வியைத்தானே கேட்டார்கள்? அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அவளுக்குத் தெரியும். முதல் புருசன் உயிரோடு இருந்தால் கோயில் கட்டிவைத்த இரண்டாவது கல்யாணம் கல்யாணமே இல்லை. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பக்கத்தில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிற இந்த மனுசனிடம் மறைத்துவிட்டு எப்படிச் சோறு போட?

பூசை முடிந்து, ஷெரின் தோழிகளோடு போனதும், லாரியின் முன்சீட்டில் வைத்துச் சொன்னாள். லூர்து வண்டியைக் கிளப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நெசந்தானா?”

“கண்ணால பாத்தேங்க.”

“அப்ப நீ அவரு பெஞ்சாதில்லா.”

“என்ன பேசுதீய? நான் உங்க பெஞ்சாதி. இத்தன வருசமா யாரு வீட்ல இருக்கேன்?”

“நமக்குச் சரிதான், ஜெனி. சாமிக்கு?”

“சாமிக்கு அந்தக் கண்ணாடியப் பாத்துத்தான் தெரியணுமா? இம்புட்டு நாளும் தெரிஞ்சுதானே இருந்திருக்கும்? அப்ப எல்லாம் சும்மா இருந்துச்சுல்லா?”

லூர்து வண்டியைக் கிளப்பினார். பதில் தெரியாவிட்டால் அவர் சண்டை போடமாட்டார், வாயை மூடிக்கொள்வார். அதுதான் ஜெனிட்டாவுக்கு ஆத்திரம். அன்றையிலிருந்து அவர் பாய் கூடத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தகரப் பெட்டியில் தன் துணிகளை மடித்து வைத்தார்.

“பிள்ள கல்யாணம் முடியட்டும். நான் உப்பளத்துக் கொட்டகைல போய் இருக்கேன். உன்ன விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத. வேணுங்கது எல்லாம் நான் பாத்துக்கிடுவேன். தெரிஞ்சே ஒரே வீட்ல இருந்துக்கிட்டு பூசையில நற்கருணை வாங்க எனக்கு முடியாதுட்டி.”

“பிள்ளை கையப் பிடிச்சு யாரு பீடத்துக்குக் கூட்டிட்டுப் போவா? அந்தத் தழும்புக்காரனா?”

லூர்து பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினார்.

ஜெனிட்டாவுக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. ஒருத்தன் உயிரோடு இருந்துகொண்டே அவளைச் சாகடித்துவிட்டான். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்காக இன்னொருத்தர் அவளை விட்டுவிட்டுப் போகிறார். இதில் அவள் செய்த குற்றம் என்ன? ஒரு பென்டிரைவைத் திறந்ததா? உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. பால் அடுப்பில் பொங்கி வழிந்து அணைந்தது. ஷெரின் “உனக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். பிள்ளை முகம் சுண்டிப்போனதைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுபடியும் நவமணியின் கடைக்குப் போனாள்.

“அந்த ஆல்பத்தத் தெற. நான் உசிரோட இருக்கேன்னு சொல்லணும்.”

“அக்கா, சொன்னாக் கேளுங்க. அவிய கெளம்பி வந்துட்டா?”

“வரட்டும்.”

“வராமலே இருந்துட்டா?”

“பாக்கட்டும்ட்டி! நான் கெழவி ஆயிட்டேன், நான் பாட்டுக்கு ஒரு வாழ்க்க வாழ்ந்திருக்கேன்னு அவன் பாக்கணும். அவன் சுவத்துல ரோஸ் பட்டுக் கட்டிட்டு நான் என்னத்துக்கு இளிச்சுக்கிட்டு நிக்கணும்?”

அதற்கு மேல் நவமணி தடுக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டாள். ஜெனிட்டா தலையைக்கூட ஒதுக்கிக்கொள்ளவில்லை. ரவிக்கைக்குள் கிடந்த தாலியை எடுத்து வெளியே போட்டாள். சிலுவை பதித்த தாலி, லூர்து கட்டியது.

“இதும் தெரியுமா?”

“எப்படி இருக்கியளோ அப்படியே எடுக்கும். எல்லாம் தெரியும்.”

“தெரியட்டும்.”

விரலை வைத்தாள். திரையில் ரோஸ் பட்டுக்காரி ஒரு தடவை மங்கினாள். மறுபடி தெளிந்தபோது அதே பட்டில், அதே பந்தலில், கன்னம் தொங்கிய ஜெனிட்டா தாலியோடு நின்றாள்.

“ஷெரினுக்கு?” என்று கேட்டாள் நவமணி.

“அவளத் தொடாத. அவ அவனுக்குத் தொட்டில்லயே கெடக்கட்டும்.”

சொல்லிவிட்டு வந்தவளுக்கு அதற்கப்புறம்தான் நிம்மதியே போனது. போன் அடித்தால் தூக்கிவாரிப்போட்டது. பத்திரிகை வைக்கப் போன இடத்தில் பஸ் ஸ்டாண்டில் தாடைத் தழும்போடு ஒரு ஆள் நின்றதைப் பார்த்து, கையிலிருந்த பத்திரிகைக் கட்டு கீழே விழுந்தது. அவர் யாரோ கோவில்பட்டிக்காரர். நவமணிக்கு ஓயாமல் போன் போட்டாள். “மாறிச்சா?” “இல்லக்கா. அப்படியே நரையாத்தான் இருக்காவ.” “பாத்திருப்பானா?” “பாத்திருப்பாவ.” “பாத்துட்டும் சும்மா இருக்கானா?” அவன் வரக்கூடாது என்று மாதாவிடம் கும்பிட்டாள். ஒரு வார்த்தை சொல்லக்கூட மாட்டானா என்று அதே மாதாவிடம் அழுதாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் மாதாதான் என்ன செய்வாள்?

ஸ்லைடு ஷோவை வேண்டாம் என்று ஷெரினிடம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாம் சொல்லி வைத்துவிட்டது. நவமணி ஒரு வழி சொன்னாள். பெரியவர்கள் வருகிற படங்களை எல்லாம் வெட்டிவிட்டு, குழந்தை மட்டும் இருக்கிற படங்களை ஓட்டிவிடலாம். அப்பா படம் பழசாகிக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்று காலை லூர்து கோயில் வாசலில் வெள்ளை வேட்டியோடு ஒதுங்கி நின்றார். கார் கதவு திறந்ததும் ஷெரின் யாரையும் கேட்கவில்லை. “வாங்கப்பா” என்று அவர் கையைப் பிடித்துத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். அவர் நடந்தார். பீடம்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னால் போன ஜெனிட்டா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். சாயங்காலம் மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் நின்ற லாரியில் தகரப் பெட்டி ஏறியிருந்தது.

கேக் வெட்டி முடிந்ததும் மண்டபத்து விளக்குகளைக் குறைத்தார்கள். பெரிய திரையில் நீலம் பரவியது. கீபோர்டு இசை. தொட்டிலில் ஷெரின் வந்ததும் மண்டபமே ஓவென்று கத்தியது. கைக்குழந்தையின் நிஜ முகத்தைத் திரையில் பார்த்து எல்லோருக்கும் வருடக்கணக்காகிவிட்டது. எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் தொட்டில் முகம் ஞாபகம் வந்திருக்கும். அதற்குப் பிறகு குழந்தை மட்டும் இருக்கிற அடுத்த படம் வர வேண்டும். வரவில்லை. தாள் புரண்டதும் பட்டுப் புடவையின் ஓரம் தெரிந்தது.

மேடைக்குக் கீழே இருந்த நவமணி கையை ஆட்டினாள். நினைவுச்சரம் பழைய சரக்கு. கூண்டுக்குள் நுழைந்ததும் அவள் வெட்டியதை எல்லாம் தள்ளிவிட்டு, டெரன்ஸ் கோத்த வரிசையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஜெனிட்டா எழுந்து ஓடினாள். கல்யாணப் பெண்ணின் அம்மா இப்படி ஓடுகிறாளே என்று நாலு பேர் பார்த்தார்கள். அடுத்தது கோயில் வாசல் படம். நரைத்த டெரன்ஸ் இத்தனை பேர் முன்னால் வந்து நின்றுவிட்டால்? மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள்? ஷெரின் என்ன கேட்பாள்? சுவரோரம் குனிந்து, திரைக்குப் போகிற வயரைப் பிடித்து இழுக்கப் போனாள்.

மண்டபம் குபீரென்று சிரித்தது.

வயரைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். கோயில் வாசலில் டெரன்ஸ் நின்றார். கட்டம்போட்ட சட்டையில், கறுகறுவென்ற முடியோடு. கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கையில் கைக்குழந்தை. பக்கத்தில் அவர் தோளை ஒட்டிக்கொண்டு, கன்னம் தொங்கிய இந்த ஜெனிட்டா, லூர்துவின் தாலியோடு.

“மாமிக்கு மட்டும் கண்ணாடி வேல பாத்துட்டு!” என்று யாரோ கத்தினார்கள். “மகன் பக்கத்துல நிக்கா மாதிரில்லா இருக்கு!” மேடையில் ஷெரின் சிரித்துக்கொண்டே அழுதாள். “அதான் எங்க டெரன்ஸ் அப்பா” என்று மாப்பிள்ளையிடம் விரலை நீட்டிக் காட்டினாள்.

நவமணி ஓடி வந்து ஜெனிட்டாவின் தோளைப் பிடித்தாள். “காலையிலகூட நரையாத்தான்க்கா இருந்தாவ. நான் பாத்தேன். இப்பதான்...”

“மூடிட்டானா? இல்ல, செத்துட்டானா?”

“ரெண்டுக்கும் கண்ணாடில ஒரே முகந்தான்க்கா.”

படம் இதயமாகச் சுருங்கி மறைந்தது. ஜெனிட்டா வயரைக் கீழே போட்டாள். கூட்டத்துக்குள் புகுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். லூர்து பந்தியில் நின்று ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று வந்தார்.

“டெரன்ஸ் போயிட்டாரு” என்றாள்.

“எப்ப?”

“இப்பத்தான். திரையில முகம் பழசாயிட்டு.”

“செத்துட்டாரா? இல்ல நீ சொன்னியே, மூடிக்கிடுதது, அதுவா?”

“தெரியல. நவமணிக்கும் தெரியல.” லூர்துவிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. “நான் என் முகத்தக் காட்டுனேங்க. நீங்க கட்டுன தாலியோட. அதப் பாத்துட்டுச் செஞ்சானோ என்னவோ.”

லூர்துவுக்குப் பின்னால் யாரோ தயிர்ப் பச்சடி கேட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

“மூடியிருந்தா, இப்ப அந்த மனுசனுக்கு ஒரு கதவும் திறக்காதேட்டி” என்றார். “ராத்திரி எங்கன போய்ப் படுப்பாரு?”

அந்தக் கேள்வி ஜெனிட்டாவுக்கு அதுவரை வரவேயில்லை. அவன் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். பார்த்த பிறகு அவனுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. கப்பல் முங்கிய அன்று, உடம்பு கிடைக்கும்வரை அழக்கூடாது என்று வீம்பு பிடித்தவள் அவள். உடம்பு கிடைக்கவேயில்லை, அவளும் அழவேயில்லை. இப்போது பந்திக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதாள். மகள் போகிற துக்கம் என்று நினைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

லூர்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டு, லாரியில் இருக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் வைக்கச் சொன்னார்.

“உசிரோட இருக்காருன்னு இனிம நமக்குத் தெரியாதுல்லா. அவருக்கு ஒரு பூச குடுத்துருவோம்” என்றார் அவளிடம். “இருந்தா உசிருக்கு ஆகட்டும். இல்லேன்னா ஆன்மாவுக்கு ஆகட்டும். வருசா வருசம் கப்பல் முங்குன நாளச் சொல்லித்தானே குடுப்போம்? பூசைக்குப் பேரெழுதுத கோயில்பிள்ள கேட்டா இனிம எந்த நாளச் சொல்ல?”

ஜெனிட்டா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இன்னைக்குன்னு சொல்லுங்க” என்றாள்.